இன்டர்ஃபெரானின் ஒரே சொல்

எங்கள் ஆய்வகத்துக்கு வாங்கிய மனித இன்டர்ஃபெரான், பொய் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டது. திங்கட்கிழமை காலை டீ குடித்துவிட்டு வந்து அதைக் கரைத்தேன். கரைந்து தெளிந்ததுமே சொல்லிவிட்டது. வாங்கிய பொருள் வேலை செய்யாவிட்டால் வாங்கியவர் தலையில்தான் விடியும். வாங்கியது நான்.

இன்டர்ஃபெரான் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உடம்பு என்பது நெருக்கமாக வீடு கட்டிய தெரு. ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு. வைரஸ் ஒரு வீட்டுக்குள் புகுந்துவிட்டால் அந்த வீடு தப்பிப்பது கஷ்டம். ஆனால் விழுவதற்கு முன்னால் ஒரு தடவை கத்தும். அந்தக் கத்தல்தான் இன்டர்ஃபெரான். அதைக் கேட்டதும் அக்கம்பக்கத்து வீடுகள் கதவைச் சாத்தி, அடுப்பை அணைத்து, உள்ளே உட்கார்ந்துகொள்ளும். வைரஸ் தனக்குள் ஏற்கெனவே நுழைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்த வீடு, தெருவைக் காப்பாற்றுவதற்காகத் தன்னையே கொளுத்திக்கொள்ளும். ஒவ்வொரு காய்ச்சலிலிருந்தும் நாம் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்பது இப்படித்தான்.

ஆராய்ச்சிக்கு வீடும் வேண்டாம், தெருவும் வேண்டாம். கத்தல் மட்டும் போதும். அதனால் மனித மரபணுவில் அந்தக் கத்தல் இருக்கும் இடத்தை வெட்டி எடுத்து ஒரு பாக்டீரியாவின் வயிற்றில் வைத்துவிடுகிறார்கள். பாக்டீரியா எதிர்க்கேள்வி கேட்காது. தொட்டி தொட்டியாகத் தயாரித்துக் கொடுக்கும். அதை வடிகட்டி, உலர்த்தி, குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பொடியாக விற்கிறார்கள். குப்பியில் ‘மனித இன்டர்ஃபெரான்’ என்று போட்டிருக்கும். அதற்குக் கீழேயே ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்றும் போட்டிருக்கும். இதில் முரண் இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. மனிதருக்கு ஆகாத மனிதர்கள் எங்கள் கட்டடத்திலேயே உண்டு.

முன்பெல்லாம் வெளிநாட்டுச் சரக்கைத்தான் வரவழைப்போம். அதுவும் பேசும்தான். என்ன பேசுகிறது என்று எங்களுக்குப் புரியாது. செல்களிடம் ஏதோ சொல்லும், செல்கள் கதவைச் சாத்தும், சில செல்கள் சாகும், நாங்கள் படம் எடுத்துக் கட்டுரை எழுதுவோம். இந்த வருஷம் நிதியைக் குறைத்துவிட்டதால் பல்லடம் ரோட்டில் உள்ள ஒரு கம்பெனியிலிருந்து வாங்கினேன். உள்ளூர்ப் பாக்டீரியா, உள்ளூர்த் தண்ணீர். எனவே இது கோயமுத்தூர்த் தமிழ் பேசியது.

இன்டர்ஃபெரான் ஒரு புரதம். புரதத்தைக் கரைக்கும்போது குலுக்கக் கூடாது. புரதங்களுக்கு மடிப்புதான் மானம். குலுக்கினால் மடிப்பு கலைந்துவிடும். ஐஸ் மேல் வைத்து, குளிர்ந்த தண்ணீரைக் குப்பியின் உள்சுவரோரமாக விட்டு, அதை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கரைத்தேன். உள்ளே கோடிக்கணக்கான மூலக்கூறுகள் இருந்தாலும் குரல் ஒன்றுதான். எங்கள் துறையில் நான்கு பேர் கூடினால் ஐந்து குரல் கேட்கும், அதை நினைத்துக்கொண்டேன்.

“ஏனுங்க அம்மிணி, எந்தப் பக்கமா வந்திருக்குது?” என்று கேட்டது.

எது என்று கேட்டேன்.

“வைரஸுங்க. என்னை எழுப்பியிருக்கீங்கன்னா வந்திருக்கோணுமே.”

வைரஸ் எதுவும் வரவில்லை என்றேன். இந்தக் கட்டடத்தில் வைரஸ் வைத்துக்கொள்ள எங்களுக்கு அனுமதியும் கிடையாது, இது வெறும் சோதனை என்று விளக்கினேன். தட்டில் செல்கள் இருக்கின்றன, அவற்றிடம் ‘வந்திருச்சு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றேன். இன்டர்ஃபெரான் நம்மிடம் எதை வேண்டுமானாலும் பேசும். ஆனால் செல்களின் காதில் ஏறுவது அந்த ஒரே சொல்தான். அதற்காகத்தான் அது பிறந்திருக்கிறது.

“வராததை வந்திருச்சுன்னு சொல்லோணுமுங்களா?”

ஆமாம் என்றேன்.

“ஆகாதுங்க” என்றது.

நான் குப்பியை ஐஸில் வைத்துவிட்டு ரஹமத்நிஷாவைத் தேடிப் போனேன். செல்களை வளர்ப்பவள் அவள்தான். எங்கள் செல்கள் யாரோ முகம் தெரியாத ஒருவரின் நுரையீரலிலிருந்து எப்போதோ எடுத்தவை. ரஹமத்நிஷாவுக்கு அவை குடித்தனக்காரர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பாடு மாற்றுவாள், ஞாயிற்றுக்கிழமையும் வந்து எட்டிப் பார்ப்பாள். இன்டர்ஃபெரான் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு திருப்தி வந்துபோனது. போன தடவை பாதித் தட்டு தன்னைக் கொளுத்திக்கொண்டது, எதற்கென்று கேட்கக்கூட ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

டாக்டர் வேலாயுதசாமி எங்கள் ஆய்வகத்தின் தலைவர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். ஒரு வருஷம் நொதி ஒன்று, ஆடி மாதத்தில் புது வேலை தொடங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. ஆவணி பிறக்கும்வரை பொறுத்திருந்து வேலை வாங்கினார். ஆனால் இந்தத் தடவை பொறுக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமை, ஆய்வகங்களைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் கண்முன்னே இன்டர்ஃபெரான் சொல்ல வேண்டும், செல்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள். வெளிநாட்டுச் சரக்கு வந்துசேர இரண்டு மாதம் ஆகும். இருப்பது இந்த ஒரு குப்பிதான். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நானே பேசிப் பார்க்கிறேன் என்று என்னுடன் வந்தார்.

மேசைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் ஊர் விசாரித்தார். பல்லடம் ரோட்டில் எந்த இடம், யார் கம்பெனி, தொட்டியில் கூட்டம் அதிகமா என்றெல்லாம் கேட்டார். அது மரியாதையாகப் பதில் சொன்னது. இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரு பாக்டீரியாவும் இருந்தது. அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். உலகம் முழுக்க எத்தனையோ ஆய்வகத்தில் எத்தனையோ இன்டர்ஃபெரான் தினம் சொல்கிறது, யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை என்றார்.

“சும்மா ஒரு வார்த்தை தம்பி. சும்மாதானே?”

“நாம சும்மா சொல்லலாமுங்க டாக்டரு” என்றது அது. “அவங்க சும்மா சாவாங்களா?”

டாக்டர் கண்ணாடியை மறுபடி துடைத்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். எனக்கு அதன்மேல் எரிச்சலும் இருந்தது, அந்தப் பதில் பிடித்தும் இருந்தது. ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன். இந்த மேசையில் டாக்டருக்கு யாரும் இப்படிப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது வழக்கம்போல வர்றேன் என்றேன். ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தப் போனபோது உள்ளிருந்து, எப்போது வருவீர்கள் என்று கேட்டது. நாளைக் காலை என்றேன். மறுநாள் கதவைத் திறந்ததும், சொன்ன மாதிரியே வந்துவிட்டீர்கள் என்று மனசாரச் சந்தோஷப்பட்டது. வருவது, வராதது இரண்டும்தான் அதன் உலகம். அதில் யாராவது சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் அதற்கு அவ்வளவு பெரிய விஷயம்.

இதை நான் டாக்டரிடம் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். நம்மூரில் போகிறவர்கள் எல்லோரும் வர்றேன் என்றுதானே சொல்வார்கள், போறேன் என்று சொன்னால் அபசகுனம், இது அந்தப் பழக்கம் தெரியாத பொருள் என்றார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாடி முழுவதையும் வரவழைத்து வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவராக மேசைக்கு வந்து, குப்பியைப் பார்த்து, வர்றேன் என்று சொல்லிவிட்டு, கதவு வழியாகப் போக வேண்டும். இத்தனை பேர் வருவதாகச் சொன்னால் அது தன்னையறியாமல் செல்களிடம் வாயைத் திறந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆய்வு மாணவர்கள் சொன்னார்கள். கணக்குப் பிரிவில் சொன்னார்கள். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியும் தொப்பியைக் கழற்றிவிட்டு, வர்றேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் நானும் டாக்டரும் மட்டும் இருந்தோம்.

இவர்கள் எல்லோரும் எங்கே போகிறார்கள் என்று அது என்னிடம் கேட்டது. கேன்டீனுக்கு என்றேன். டாக்டர் என்னை முறைத்தார். பொய் சொல்லாத ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

“நல்ல பழக்கமுங்க” என்றது. “போறவங்க வர்றேன்னு சொல்லிட்டுப் போறீங்க. ஆனா நான் சொல்லோணும்னு இருக்கறது, சொல்லாம கொள்ளாம வர்றதைப் பத்திங்க.”

புதன்கிழமை டாக்டர் தன்மையை விட்டுவிட்டார். சூடுபடுத்தும் கருவியைத் தொண்ணூற்றைந்து டிகிரிக்கு வைக்கச் சொன்னார். அந்தச் சூட்டில் எந்தப் புரதமும் பத்து நிமிஷத்தில் மடிப்பெல்லாம் கலைந்து, வெந்த முட்டை மாதிரி வெள்ளையாகத் திரண்டுவிடும். குப்பியைக் கருவிக்குப் பக்கத்தில் வைத்து, சூடு ஏறுவதை அதற்குக் காட்டச் சொன்னார். அறுபது, எழுபது என்று எண் ஏறிக்கொண்டே போனது. அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமையை நினைத்து மூன்று நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் எல்லோருடைய சம்பளமும் அந்தச் சுண்டைக்காய்க் குப்பிக்குள் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது.

“கொதிக்க வைங்க” என்றது இன்டர்ஃபெரான். குரலில் எந்த மாற்றமும் இல்லை. “சுருண்டு போயிருவேன். சுருண்டவன் பேச மாட்டானுங்க. அப்பவும் பொய் வராது.”

டாக்டர் என்னைப் பார்த்து, உள்ளே வை என்பதுபோலத் தலையை அசைத்தார். நான் வைக்க மாட்டேன், வேண்டுமானால் நீங்களே வையுங்கள் என்றேன். சொன்னது நான்தான் என்று புரிய எனக்கே ஒரு நிமிஷம் பிடித்தது. டாக்டர் குப்பியைக் கையில் எடுத்தார். கருவி தயார் என்று மணி அடித்தது. குப்பியைச் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, மறுபடி ஐஸில் செருகினார். இன்னொரு குப்பி இருந்தால் வைத்திருப்பேன் கோகிலா என்றார். அவரும் அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை மழை. எனக்குச் சளி பிடித்திருந்தது. ஒரு யோசனை தோன்றி, குப்பியை எடுத்துவைத்துக்கொண்டு, என் மூக்குக்குள் நிஜமான வைரஸ் இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லேன் என்றேன். அது கொஞ்சம் யோசித்தது. உங்கள் வீட்டு விஷயத்தை உங்கள் வீட்டு இன்டர்ஃபெரான் முந்தாநாளே சொல்லி முடித்துவிட்டது, அதனால்தான் உங்களுக்கு மேலெல்லாம் வலிக்கிறது, அடுத்தவர் சொன்னதைத் தான் சொன்னதாகச் சொல்ல முடியாது என்றது. மேல்வலி இருந்தது உண்மை. இரண்டு தும்மல் போட்டுவிட்டு ஒப்புக்கொண்டேன்.

கரைத்த புரதம் ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. அதுவும் பலமுறை வெளியே எடுத்து, வரிசையாக ஆள் நிறுத்தி, சூட்டுக்குப் பக்கத்தில் வைத்ததில் இதன் ஆயுள் குறைந்துபோயிருந்தது. பேச்சில் லேசாகத் திணறல் தெரிந்தது. வெள்ளிக்கிழமையைத் தாண்டாது என்று அதற்கும் தெரியும். ஒரே ஒரு சொல்லுக்காகப் பிறந்துவிட்டு அதைச் சொல்லாமலே போவது வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன்.

“சொல்லோணும்னு ஆசை இருக்குதுங்க அம்மிணி. நிறைய இருக்குது. ஆனா சொல்லோணும்னா அது வரோணும். அது வரக்கூடாதுன்னுதானுங்க நான் இருக்கறதே.”

என் கண்ணில் தண்ணீர் வந்தது. சளி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று மூக்கைச் சிந்தினேன். பிறகு புது ஐஸ் கொண்டுவந்து, குப்பியின் கழுத்துவரை நிரப்பி வைத்தேன். அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பத்து மணி வாக்கில் குழு வந்தது. மூன்று பேர். மூவரும் ஒரே மாதிரி வெளிர்நீலச் சட்டை, வாசலில் கொடுத்த உறையைச் செருப்புக்கு மேல் ஒழுங்காக மாட்டியிருந்தார்கள். தலைவர் பெயர் கனகசபாபதி. மெல்லிய குரல், நல்ல மரியாதை. டாக்டர் வாசல்வரை போய் அழைத்து வந்தார். ரஹமத்நிஷா செல் தட்டை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டாள். நான் ஐஸ் பெட்டியோடு மேசையோரம் நின்றேன்.

டாக்டர் உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்திருந்தார் என்று நினைக்கிறேன். இந்தச் சரக்கு கொஞ்சம் பிடிவாதம் என்று ஆரம்பித்தார். அது ஒன்றும் பிரச்சினை இல்லை என்று கனகசபாபதி கையமர்த்தினார். தங்களுக்குச் சோதனையின் முடிவு முக்கியமில்லை, உள்ளே வந்ததே போதும் என்றார். அப்போது ஐஸுக்குள்ளிருந்து இன்டர்ஃபெரான், வந்து என்ன செய்வதாக உத்தேசம் என்று அவரைக் கேட்டது. கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. எங்கே யார் வந்தாலும் அது கேட்டிருக்கும். கனகசபாபதிக்கு மகிழ்ச்சியாகிவிட்டது. இத்தனை ஊர் போயிருக்கிறோம், ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை என்றார்.

“பெருசா ஒண்ணும் இல்ல. உள்ள வருவோம். நாங்க கையில எதுவும் கொண்டுவர்றதில்ல. உங்க மேசை, உங்க கரண்ட், உங்க ஆளுங்க, எல்லாத்தையும் குழு வேலைக்கு எடுத்துக்குவோம். கொஞ்ச நாள்ல நீங்க எல்லாருமே குழு ஆயிருவீங்க. அப்புறம் இந்தக் கட்டடம் தேவைப்படாது. வெளிய கிளம்பிருவீங்க, அடுத்த அடுத்த ஆய்வகத்துக்கு.”

போன வருஷம் சேலத்துப் பக்கம் ஓர் ஆய்வகத்துக்குள் ஒரே ஒரு குழு போனதாகவும், இப்போது அங்கே ஆய்வகம் இல்லை, நாற்பது குழு கிளம்பியிருக்கிறது என்றும் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவரே அங்கே கண்ணாடிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவராம். கனகசபாபதி வாழை இலைப்புள்ளி நோயில் பதினைந்து வருஷம் வேலை செய்தவராம். இலையைப் பற்றி இப்போது எதுவும் ஞாபகம் இல்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே வேலை தொடங்கிவிட்டது. டாக்டரிடம் டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். பரிசீலிக்கப்படும் என்றார். ரஹமத்நிஷா மைக்ரோஸ்கோப்பை விட்டுவிட்டு எங்கிருந்தோ ஒரு பேனாவை எடுத்து, மூன்றாவது ஆள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தாள். செல்லுக்குச் சாப்பாடு போட்டாயா என்று கேட்டால், உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படும் என்றாள். அவள் கண்ணில் அந்தக் குடித்தனக்காரர்கள் யாரும் இல்லை. என் கையும் தானாகப் போய் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நேராக்கியது. என் வாய்க்குள், கவனத்தில் கொள்ளப்பட்டது என்ற வார்த்தைகள் வந்து உட்கார்ந்திருந்தன. அவற்றைத் துப்பாமல் விழுங்கினேன், விழுங்கியதும் மறுபடி வந்தன.

“அம்மிணி” என்றது இன்டர்ஃபெரான். “மூடியைத் திறந்து வைங்க.”

டாக்டருக்குச் சொந்தக் குரல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு, வேண்டாம் கோகிலா, மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருக்கிறதே என்றார். எழுதியதைப் பார்த்தால் அவர் சொன்னது சரி. நான் பயப்படவில்லை. நான்கு நாளாக ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் இருந்துகொண்டு, சூட்டுக்கும் கெஞ்சலுக்கும் மசியாத ஒன்று, இப்போது தானாகக் கேட்கிறது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு நேர்மையாக ஒன்றைக் கேட்டதில்லை. கட்டை விரலால் மூடியை நெம்பித் திறந்து, குப்பியை மேசைக்கு நடுவில் வைத்தேன்.

“வந்துட்டாங்க” என்றது.

கத்தவில்லை. வாசலில் கார் நின்றதைப் பார்த்துவிட்டு ஒருவர் உள்ளே திரும்பிச் சொல்வாரே, அந்த அளவுதான். நான்கு நாளாக நாங்கள் கேட்டது ‘வந்திருச்சு’. ஆனால் வந்திருப்பது ஆட்கள். அது எங்கள் ஊர்ப் பக்கத்துப் புரதம், வந்திருப்பவரை அஃறிணையில் சொல்லாது. கனகசபாபதி அதை வரவேற்பு என்றே எடுத்துக்கொண்டார். பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் இதே சொல்லைத்தானே சொல்கிறோம். அவர் எழுந்து குப்பியைப் பார்த்துக் கைகூப்பினார். மரியாதை தெரிந்த புரதம் என்று மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள். டாக்டர்கூட நிம்மதியாகப் புன்னகை செய்தார். செல்கள் மரியாதை விகுதியைப் பார்ப்பதில்லை. வந்தாயிற்று என்பது மட்டும்தான் அவற்றுக்குக் கேட்கும்.

தட்டில் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. கடலைக்காயை உடைப்பது மாதிரி வரிசையாகக் கேட்டது. ரஹமத்நிஷாவின் கையிலிருந்து பேனா நழுவியது. அவள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்துவிட்டு, எல்லாரும் உள்ளேதான் இருக்கிறார்கள் அக்கா, ஒருத்தர்கூட தன்னைக் கொளுத்திக்கொள்ளவில்லை என்றாள். நிஜமான செய்தி, நேரத்தோடு வந்தது. அதனால் யாரும் சாக வேண்டியிருக்கவில்லை. அடுத்து எங்களுக்குள் சாத்தியது. மனிதச் செல்லுக்கு மனித இன்டர்ஃபெரான் சொன்னால் எங்கிருந்தாலும் புரியும். உச்சியிலிருந்து கால்வரை ஒவ்வொரு கதவாக என்னுள் சாத்தியதை நான் உணர்ந்தேன். கனகசபாபதி பேசியது காதுவரை வந்தது, அங்கேயே நின்றது, உள்ளே வரவில்லை. டாக்டர் உரத்த குரலில், டீ சொல்லு கோகிலா, நமக்கு மட்டும் சொல்லு என்றார்.

கடைசியில் அவர்களுக்குள்ளும் சாத்தியது. அவர்கள் உடம்பில் இருந்ததும் மனிதச் செல்கள்தான். செல்லுக்குத் தன் உடம்பு யாருடையது என்று தெரியாது. வந்திருப்பவரை வெளியே நிறுத்து என்றால் நிறுத்தும், அவ்வளவுதான். கனகசபாபதி கைகூப்பியபடியே நாற்காலியில் உட்காரப் போனார். உடம்பு உட்கார்ந்தது, அதற்குள் இருந்த குழுத் தலைவர் உட்காரவில்லை. தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வெளிர்நீலச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். மற்ற இருவரும் அப்படியே தங்களுக்கு வெளியே வந்து நின்றார்கள். உட்கார்ந்திருந்த கனகசபாபதி சுற்றுமுற்றும் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே இருந்த வாழை அவர் கண்ணில் பட்டது. கீழிலையில் மஞ்சள் கோடு விழுந்திருக்கிறதே, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். பாத்திரம் கழுவுபவர் எழுந்து தொட்டிக்குப் போய், அங்கே கிடந்த குடுவைகளைக் கழுவ ஆரம்பித்தார்.

நான் குப்பியை எடுத்துப் பார்த்தேன். உள்ளே தெளிந்த தண்ணீர். பெயர் சொல்லிக் கூப்பிட அதற்குப் பெயரும் கிடையாது. இன்டர்ஃபெரான் என்றே கூப்பிட்டேன். பதில் இல்லை. சொன்னபின் சொன்னவர் இருக்க மாட்டார், அதன் வழக்கம் அது. இருந்தது முழுவதும் எங்களுக்குள் போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது, இந்தத் தடவை சளி என்று யாரிடமும் சொல்லவில்லை. அழுதுகொண்டே எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அது ஒரே ஒரு தடவைதான் சொன்னது, அதுவும் உண்மையைச் சொன்னது.

உடம்பை விட்டு வெளியே நின்ற மூவரும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மேசையோரம் வரிசையாக நின்றார்கள். மத்தியானம் ஆகிவிட்டதால் ரஹமத்நிஷா ஸ்பிரிட் பாட்டிலையும் டிஷ்யூவையும் எடுத்துக்கொண்டு மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். மேசையை முடித்ததும் அந்த மூன்று பேரையும் இடமிருந்து வலமாகத் துடைத்து எடுத்தாள். கனகசபாபதி வாழையைப் பற்றிப் பேசிக்கொண்டே, அவளுக்கு வசதியாகக் காலைத் தூக்கிக்கொண்டார்.